மறக்கும் நினைவும் மறக்காத நினைவும்

கம்ப்யூட்டர் எதையும் மறக்காது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு.

கம்ப்யூட்டர் மறக்கும். செல்போனும் மறக்கும். ஏனென்றால், அவற்றின் உள்ளே இருக்கும் நினைவு ஒரே வகை அல்ல.

ஒரு வகை நினைவு, மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்னொரு வகை, மின்சாரம் இல்லாவிட்டாலும் மறக்காது. ஆனால், எழுத எழுதத் தேய்ந்துபோகும். மூன்றாவது வகை, மறக்கவே மறக்காது. ஆனால், புதிதாக ஒரு சொல்லைக்கூடக் கற்றுக்கொள்ளாது.

இந்த வேற்றுமை தெரியாமல் கடைக்குப் போகிறவர்களுக்குப் பணம் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டில் நடக்கிறது. கல்யாணப் படங்கள் போய்விடுகின்றன. குழந்தை முதல் அடி எடுத்து வைத்த படம் போய்விடுகிறது. காலமாகிவிட்ட தாத்தாவின் குரல் போய்விடுகிறது. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். குரலைச் சம்பாதிக்க முடியுமா?

ஆகவே, இது எஞ்சினீயர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல. செல்போன் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நினைவு என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு. ஒன்று, 0. மற்றொன்று, 1.

எழுத்து, பாட்டு, படம், சினிமா எல்லாமே அதற்கு 0, 1 என்ற நீண்ட வரிசைதான். அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் "பிட்" என்று பெயர். 8 பிட் சேர்ந்தால் ஒரு "பைட்". சுமார் 100 கோடி பைட் சேர்ந்தால் ஒரு ஜி.பி.

தமிழில் "க" என்று எழுதிச் சேமித்தால், அதற்குப் பெரும்பாலும் 3 பைட் செலவாகும். "கா" என்று எழுதினால் 6 பைட். ஒரு போட்டோவுக்கோ பல லட்சம் பைட் வேண்டும்.

இத்தனை 0, 1-களையும் எதில் எழுதி வைப்பது?

காந்தத்தில் எழுதலாம். மின்சாரத்தில் எழுதலாம். கம்பியைப் பின்னியும் எழுதலாம்!

அப்படிக் கம்பியைப் பின்னி எழுதிய நினைவு ஒன்று, மனிதன் சந்திரனில் இறங்கத் துணை செய்தது.

பெண்கள் நெய்த நினைவு

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் நீல் ஆம்ஸ்டிராங்கும், எட்வின் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கினார்கள். அவர்களுடைய கப்பலில் வழிகாட்டும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் இரண்டு வகை நினைவு இருந்தது.

ஒன்று, மாறாத நினைவு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தம் நகரில் ரேத்தியான் கம்பெனியின் தொழிற்சாலையில் அது தயாரானது. பெண் தொழிலாளர்கள் ஊசியும் கம்பியும் கொண்டு, தறியில் நெய்வதுபோல அதை நெய்தார்கள். சிறிய காந்த வளையத்தின் உள்ளே கம்பி போனால், அது 1. வளையத்துக்கு வெளியே போனால், அது 0. இப்படியே 36,864 "சொற்கள்" நெய்யப்பட்டன. கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு "சொல்" என்பது அங்கே 16 பிட்.

இந்த நினைவு மறக்காது. மின்சாரம் போனாலும் மறக்காது. கப்பல் குலுங்கினாலும் மறக்காது. கம்பி இருக்கும் வரை நினைவும் இருக்கும்.

ஆனால், அதில் ஒரு குறை. நெய்தது நெய்ததுதான். ஒரு எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும், நெய்த பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே, கப்பல் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எல்லாக் கட்டளைகளையும் எழுதி முடித்துவிட வேண்டியிருந்தது.

கப்பலின் வேகம் நொடிக்கு நொடி மாறும். உயரம் மாறும். அவற்றை நெய்து வைக்க முடியுமா? முடியாது. அதற்காகவே இரண்டாவது நினைவு இருந்தது. அது எழுதி அழிக்கக்கூடிய நினைவு. அதன் அளவு 2,048 சொற்கள் மட்டுமே.

ஒன்று பெரியது, மாறாதது. மற்றொன்று சிறியது, மாறக்கூடியது. இரண்டும் சேர்ந்துதான் வேலை நடந்தது.

ஒரே நினைவிடம் எல்லா வேலையையும் கொடுக்கக் கூடாது என்பதை அந்த எஞ்சினீயர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே.

ஓட்டைக் குடம்

இன்றைய செல்போனிலும் மாறாத நினைவு கொஞ்சம் உண்டு. போனைத் திறந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை அதில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. கடையில் அதற்கு விலை கேட்பதும் இல்லை.

கடையில் பேசப்படும் நினைவு இரண்டு. ஒன்றின் பெயர் "ராம்". மற்றொன்று, படங்களும் பாட்டுகளும் சேரும் சேமிப்பு நினைவு.

ராம் எப்படி வேலை செய்கிறது?

1966-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பிட்டை வைக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும், மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் மிகச் சிறிய பாத்திரம் ஒன்றும் போதும் என்று அவர் கண்டார். பாத்திரம் நிரம்பியிருந்தால் 1. காலியாக இருந்தால் 0.

மிக எளிய யோசனை! அதனால்தான் ஒரு சிறு சில்லுக்குள் கோடிக்கணக்கான பாத்திரங்களை வைக்க முடிகிறது. 1968-ல் டென்னார்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் கம்பெனி இந்த வகைச் சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த இடம் 1,024 பிட் மட்டுமே. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், 50 தமிழ் எழுத்துகூட அதில் அடங்காது!

ஆனால், அந்தப் பாத்திரம் ஓட்டைப் பாத்திரம். அதில் ஊற்றிய மின்சாரம் கண் மூடித் திறப்பதற்குள் ஒழுகத் தொடங்கும். ஆகவே, கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்துப் பார்த்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 15 தடவை நிரப்புகிறது.

மின்சாரம் நின்றால் நிரப்புவது நிற்கும். நிரப்புவது நின்றால் நினைவு போகும்.

கட்டுரையோ கடிதமோ பாதி எழுதும்போது மின்சாரம் போய், எழுதியது காணாமல் போவது இதனால்தான். எழுதியது அதுவரை ராமில் இருந்தது. சேமிப்பு நினைவுக்குப் போய்ச் சேரவில்லை.

மூடிய குடம்

படங்கள் சேரும் நினைவுக்கு "பிளாஷ்" என்று பெயர். செல்போன், மெமரி கார்டு, பென் டிரைவ் ஆகிய மூன்றிலும் இருப்பது அதுதான். புதிய கம்ப்யூட்டர்களில் உள்ள எஸ்.எஸ்.டி. என்ற பெட்டியிலும் இருப்பது அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர். பெயர் புஜியோ மசுவோகா. தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்தவர். 1984-ல் இதை உலகுக்கு அறிவித்தார். 1987-ல் இதன் இன்னொரு வகையை வெளியிட்டார். இன்று செல்போன்களில் படம் சேமிப்பது அந்த இன்னொரு வகை.

ராம் ஓட்டைக் குடம் என்றால், பிளாஷ் மூடிய குடம். மின்சாரத்தை உள்ளே தள்ளி, சுற்றிலும் அடைத்துவிடுகிறார்கள். அது வெளியே வர வழி இல்லை. ஆகவே, மின்சாரம் போனாலும் நினைவு போவதில்லை.

ஆனால், இதற்கும் ஒரு விலை உண்டு.

மின்சாரத்தை உள்ளே தள்ளவும், வெளியே இழுக்கவும் அந்த அடைப்பைத் துளைத்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடைப்பு கொஞ்சம் தேய்கிறது. பல நூறு தடவை, சில ஆயிரம் தடவை எழுதி அழித்த பிறகு, அந்த இடம் நினைவை நம்பிக்கையாக வைத்திருக்காது.

இன்னொன்று. மூடிய குடமும் மிக மெதுவாகக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும்.

எஸ்.எஸ்.டி. செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு பொது விதி இருக்கிறது. வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., எழுத வேண்டிய அளவெல்லாம் எழுதித் தேய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் எத்தனை காலம் நினைவை வைத்திருக்க வேண்டும்? அந்த விதி கேட்பது ஒரு வருடம்தான்! புதியது அதைவிட நெடுங்காலம் வைத்திருக்கும். ஆனால், "என்றென்றும்" என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சென்னையில் சித்திரை மாதம் 30 டிகிரியோடு நிற்கிறதா?

எது வேகம்?

"மறந்துபோகும் ராம் எதற்கு? மறக்காத பிளாஷ் ஒன்றே போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

பதில்: வேகம்.

ராமில் இருந்து ஒன்றை எடுக்க 1 வினாடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பிளாஷில் இருந்து எடுக்கச் சுமார் கால் மணி நேரம் ஆகும். பழைய கம்ப்யூட்டரில் சுழலும் காந்தத் தட்டில் இருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

மளிகைக் கடையைப் பார்த்தால் இது புரியும். கடைக்காரருக்கு முன்னால் ஒரு மேஜை. பின்னால் ஒரு கிடங்கு. மேஜை மேல் உள்ள சாமான் உடனே கைக்கு வரும். ஆனால், மேஜை சிறியது. இரவு கடை மூடும்போது மேஜையைத் துடைத்துவிடுவார்கள். கிடங்கு பெரியது. அங்கே சாமான் அப்படியே இருக்கும். ஆனால், போய் எடுத்துவர நேரம் ஆகும்.

ராம், மேஜை. பிளாஷ், கிடங்கு.

மேஜை இல்லாமலும் கடை நடக்காது. கிடங்கு இல்லாமலும் நடக்காது. எது உயர்ந்தது என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

செவ்வாயில் வந்த மறதி

இந்த வேற்றுமை எவ்வளவு பெரியது என்பதைச் செவ்வாய்க் கிரகத்தில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது.

2004-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாயில் இரண்டு வண்டிகளை இறக்கியது. ஒன்றின் பெயர் ஸ்பிரிட். மற்றொன்று ஆப்பர்சூனிட்டி.

ஸ்பிரிட்டுக்கு 128 எம்.பி. ராம் இருந்தது. 256 எம்.பி. பிளாஷ் இருந்தது. எம்.பி. என்பது ஜி.பி.யில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்று சாதாரண செல்போனில்கூட இதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

ஜனவரி 4-ல் ஸ்பிரிட் இறங்கியது. ஜனவரி 21-ல் திடீரென்று பேச்சு நின்றது!

விஞ்ஞானிகள் திகைத்தார்கள். என்ன கோளாறு?

பூமியில் இருந்து செவ்வாய்க்குப் போக சுமார் 7 மாதம் ஆனது. அந்த நாட்களில் சேர்ந்த கோப்புகள் பல, பிளாஷில் அப்படியே கிடந்தன. இறங்கிய பிறகு மேலும் கோப்புகள் சேர்ந்தன. கம்ப்யூட்டர் விழிக்கும்போது, பிளாஷில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடும். அந்தப் பட்டியலை ராமில் வைக்கும். கோப்புகள் அதிகம் ஆனதால், பட்டியலுக்கு ராமில் இடம் போதவில்லை.

இடம் இல்லை என்றதும் கம்ப்யூட்டர் தன்னை நிறுத்தித் திரும்ப விழித்தது. விழித்ததும் திரும்பப் பட்டியல் போட்டது. திரும்ப இடம் இல்லை. திரும்ப நின்றது. இப்படியே மாறி மாறி நடந்தது. வண்டி இரவில் தூங்கவும் இல்லை. பாட்டரி தீரத் தொடங்கியது.

அதாவது, கிடங்கில் சாமான் நிரம்பியது. அதன் கணக்கு நோட்டை விரிக்க மேஜையில் இடம் இல்லை. கடையே நின்றுவிட்டது!

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? "பிளாஷைப் பார்க்காதே. ராமை மட்டும் வைத்துக்கொண்டு விழி" என்று கோடிக்கணக்கான கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து கட்டளை அனுப்பினார்கள். வண்டி விழித்தது. பிறகு தேவையற்ற கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் பிளாஷையே துடைத்துச் சுத்தம் செய்தார்கள்.

90 நாள் ஓடினால் போதும் என்று அனுப்பிய ஸ்பிரிட், 2010-ம் ஆண்டு வரை பேசியது.

தூங்கினால் மறக்கும் வண்டி

ஆப்பர்சூனிட்டி அதற்குப் பிறகும் ஓடியது. 10 வருடம் ஆனதும் அதற்கு வேறு தொல்லை வந்தது.

அதன் பிளாஷ் தேய்ந்துவிட்டது. 2014-ல் செப்டம்பர் மாதம் விஞ்ஞானிகள் அதைத் துடைத்துப் பார்த்தார்கள். கோளாறு தீரவில்லை. டிசம்பரில் மறதி கூடியது. எழுதியது நிற்கவில்லை.

முடிவில், பிளாஷ் இல்லாமலே வண்டியை ஓட்ட ஏற்பாடு செய்தார்கள். பகலில் எடுத்த படங்களையும் அளவுகளையும் ராமில் வைத்தார்கள். ஆனால், வண்டி தூங்கினால் ராம் மறந்துவிடுமே! ஆகவே, அன்று எடுத்ததை அன்றே, வண்டி தூங்குவதற்கு முன் அனுப்பியாக வேண்டும். அனுப்பாதது காலையில் இராது.

ஆப்பர்சூனிட்டி 2018 ஜூன் வரை பேசியது. மொத்தம் 45 கிலோ மீட்டர் ஓடியது. அதை நிறுத்தியது மறதி அல்ல. செவ்வாயில் எழுந்த பெரிய புழுதிப் புயல்.

2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி என்ற வண்டிக்கு நாசா இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொடுத்து அனுப்பியது. 2013 பிப்ரவரியில் ஒரு கம்ப்யூட்டரின் பிளாஷில் கோளாறு வந்தது. உடனே மற்றதற்கு மாற்றினார்கள். வண்டி தப்பியது.

இரண்டாவது ஒன்று இருந்ததால் தப்பியது!

வீட்டில் நடப்பது என்ன?

செவ்வாயில் நடந்ததுதான் வீட்டிலும் நடக்கிறது. ஒரே ஒரு வேற்றுமை. செவ்வாய் வண்டிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் இருந்தார்கள். வீட்டுச் செல்போனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

செல்போன் மெதுவாகிறது. உடனே கடைக்குப் போகிறார்கள்.

"தம்பி, போன் ரொம்ப ஸ்லோ. பெரிய மெமரி கார்டாப் பார்த்துப் போட்டுக் கொடு" என்கிறார் ஒரு அம்மா.

"போடலாம் அக்கா" என்கிறான் கடைப் பையன்.

பணம் போகிறது. போன் வேகம் கூடுகிறதா? இல்லை! மெமரி கார்டு என்பது கிடங்கு. அந்த அம்மாவுக்குப் போதாமல் இருந்தது மேஜை. கிடங்கைப் பெரிதாக்கினால் மேஜை பெரிதாகுமா?

இதற்கு மாறாகவும் நடக்கிறது. போனில் படம் வைக்க இடம் இல்லை என்று ராம் அதிகம் உள்ள புதுப் போனை வாங்குகிறார்கள். மேஜை பெரிதாகிறது. கிடங்கு அதே அளவில் இருக்கிறது. ஆறு மாதத்தில் பழைய தொல்லை திரும்ப வருகிறது.

வாங்குகிறவர்கள் மேல் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. "மெமரி" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கும் வைத்து விற்பது யார்?

விலைச் சீட்டில் நியாயம் வேண்டும்

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. சில போன்களுக்கு "8+8, மொத்தம் 16 ஜி.பி. ராம்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள்.

உண்மையில் அதில் ராம் 8 ஜி.பி.தான். இரண்டாவது 8, பிளாஷில் இருந்து கடன் வாங்கியது. கிடங்கின் ஒரு மூலையை "இதுவும் மேஜை" என்று சொல்வது போல! அவசரத்துக்கு அது உதவும். அதை மறுக்க வேண்டியது இல்லை. ஆனால், அது ராமின் வேகத்தில் ஓடாது. படம் வைக்கும் இடமும் அந்த அளவுக்குக் குறையும். பிளாஷில் எழுதுவதும் கூடும்.

அதை இதோடு கூட்டி 16 என்று போடுவது நியாயமா? ஒரு லிட்டர் பாலும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்த்து "இரண்டு லிட்டர் பால்" என்று விற்றால் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்களா?

128 ஜி.பி. என்று விற்கும் போனில் 128 ஜி.பி.யும் வாங்குகிறவருக்குக் கிடைப்பது இல்லை. போனின் சொந்தக் கட்டளைகளே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதைச் சீட்டில் பெரிய எழுத்தில் யாரும் போடுவது இல்லை.

போலி மெமரி கார்டுகளும், போலி பென் டிரைவ்களும் வேறு இருக்கின்றன. மேலே மிகப் பெரிய அளவு அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது அதில் சிறு பங்கு. இடம் தீர்ந்த பிறகும் அவை "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லும். திறந்து பார்க்கும்போது படம் இருக்காது. நம்ப முடியாத அளவு மலிவாக ஒன்று கிடைத்தால், அதை நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

அரிசி மூட்டையில் எடை சரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நினைவுக்கும் அப்படி ஒரு ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு செல்போன் பெட்டியிலும் மூன்று விவரம் தனித்தனியே, தாய்மொழியில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். உண்மையான ராம் எவ்வளவு? மொத்தச் சேமிப்பு எவ்வளவு? அதில் வாங்குகிறவருக்கு மிஞ்சுவது எவ்வளவு? இதைப் போடக் கம்பெனிகளுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நாடா காப்பாற்றியது

விலைச் சீட்டு சரியாகிவிட்டால் பணம் மிஞ்சும். படங்கள் மிஞ்சுமா?

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது. பயம் இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு "மேகம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேகம் வானத்தில் இல்லை. ஏதோ ஒரு ஊரில், குளிர் வசதி செய்த பெரிய கட்டிடத்தில், அதே சில்லுகளும் அதே சுழலும் தட்டுகளுமாக இருக்கிறது. வீட்டுப் போனைவிட அங்கே பாதுகாப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால், அங்கேயும் கோளாறு வரும்.

2011-ம் ஆண்டு பிப்ரவரி மாத முடிவில், கூகுள் கம்பெனியின் ஜிமெயில் வைத்திருந்தவர்களில் ஒரு சிறு பங்கினர் காலையில் திறந்து பார்த்தார்கள். கடிதங்கள் ஒன்றும் இல்லை! அந்தக் கடிதங்களுக்குப் பல கட்டிடங்களில் பிரதிகள் இருந்தன. ஆனால், கட்டளையில் புகுந்த ஒரு பிழை, பல பிரதிகளையும் சேர்த்தே கெடுத்துவிட்டது.

கடிதங்கள் எப்படித் திரும்பின?

காந்த நாடாவில் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். நாடா என்றால், பழைய பாட்டு காசெட்டில் இருந்தது போன்ற நாடாதான். அது மெதுவானது. ஒன்றைத் தேட வேண்டுமானால் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். ஆனால், எடுத்துத் தனியே வைத்துவிட்டால், கம்ப்யூட்டரில் வரும் கோளாறு அதை எட்டாது. அந்த நாடாவில் இருந்து கடிதங்களைத் திரும்ப எடுத்தார்கள்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பிரதி இருந்தால் மட்டும் போதாது. அது வேறு வகை நினைவில், வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

போனில் ஒரு படம். அதே போனில் உள்ள மெமரி கார்டில் அதன் பிரதி. இது இரண்டு பிரதி அல்ல. போன் தண்ணீரில் விழுந்தால் இரண்டும் போகும். போனில் அழித்தால் "மேகத்திலும்" தானே அழிந்துபோகும் ஏற்பாடு பலருடைய போன்களில் இருக்கிறது. அதுவும் இரண்டு பிரதி அல்ல.

ஆண்டுக்கு ஒரு நாள்

"இத்தனை பாடு எதற்கு? அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆல்பம் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம்.

அவர்கள் சொல்வதில் பாதி சரி. காகிதமும் ஒரு நினைவுதான்! அதற்கு மின்சாரம் வேண்டாம். கடவுச்சொல் வேண்டாம். அம்மாவும் திறக்கலாம், பேரனும் திறக்கலாம். கறையான் அரிக்கும், மழை நனைக்கும். ஆனால், கம்ப்யூட்டர் கோளாறு அதைத் தொடாது. ஆண்டுக்கு 20 நல்ல படங்களை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டினால் அதற்கு நிகரான பாதுகாப்பு குறைவு.

குரலையும், அசையும் படத்தையும் காகிதத்தில் வைக்க முடியாது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும். போனில் ஒன்று. வெளியே தனியாக வைக்கும் சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. முடிந்தால் இன்டர்நெட்டில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை ஒரு வீட்டில் இல்லாமல் அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ வைத்தால் இன்னும் நல்லது. பென் டிரைவை மேஜை அறையில் போட்டுப் பல வருடம் மறந்துவிடுவதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடுவதும் கூடாது.

ஆயுத பூஜையோ, ரம்ஜானோ, கிறிஸ்துமஸோ, ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென்று ஒவ்வொரு குடும்பமும் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று பழைய பிரதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். புதிய படங்களைச் சேர்க்க வேண்டும். தேய்ந்த டிஸ்க்கை மாற்ற வேண்டும். செவ்வாய் வண்டியில் செய்ததுபோல, வேண்டாததை அழிக்கவும் வேண்டும். வேண்டாத குப்பை நிறைந்த இடத்தில் வேண்டியதைக் கண்டுபிடிக்க முடியாது.

பள்ளிக்கூடங்களும் இதைச் சொல்லித் தர வேண்டும். கம்ப்யூட்டரில் படம் வரையவும், கட்டளை எழுதவும் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதியது எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் அதே வகுப்பில் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பெற்றோருக்குச் சொல்வார்கள்.

ராம் வேகமானது, ஆனால் மறக்கும். பிளாஷ் மறக்காது, ஆனால் தேயும். நாடா மெதுவானது, ஆனால் பத்திரமானது. காகிதம் கொஞ்சம்தான் வைத்திருக்கும். ஆனால் யாரையும் கேட்காமல் பேசும். ஒன்றின் குறையை மற்றொன்றுதான் தீர்க்கிறது.

எந்த எந்திரமும் ஒரு குடும்பத்தின் நினைவுகளைத் தானாகக் காப்பாற்றிக் கொடுக்காது. எது மறக்கும், எது மறக்காது என்று தெரிந்து, இரண்டு இடத்தில் எடுத்து வைக்கும் வேலை மனிதனுடையது. அந்த வேலையைப் படம் போன பிறகு செய்ய முடியாது. படம் இருக்கும்போதே செய்ய வேண்டும்.